கேப்பிட்டல் 'ஏ'வும் ஸ்மால் 'ஏ'வும் ஒண்ணா பாஸ்?

இந்த வாரம் ஒரு எல்.கே.ஜி. கேள்வி. கீபோர்டுல கேப்பிட்டல் 'ஏ' தட்டறீங்க, அப்புறம் ஸ்மால் 'ஏ' தட்டறீங்க. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?

'வேற வேற'னு சி லாங்வேஜ் படிச்ச அத்தனை பேரும் கோரஸா சொல்வீங்க. கரெக்ட்! ஆஸ்கி கணக்குப்படி கேப்பிட்டல் ஏ 65, ஸ்மால் ஏ 97. வித்தியாசம் 32. அதாவது ஒரே ஒரு பிட். ஆனா, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணிட்டு இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. 'ரெண்டும் ஒண்ணுதாங்க'னு கூசாம சொல்லும்.

இதை பக்னு நினைச்சுடாதீங்க. வேணும்னே வெச்ச வசதி. ஒரு டேபிள்ல ஊர் பேரை முழுசும் கேப்பிட்டல்ல அடிச்சிருப்பாங்க, இன்னொண்ணுல முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டலா இருக்கும். ரெண்டும் ஒரே ஊர்தானே? அதனால பேரு, ஊரு, இமெயில் ஐடிக்கெல்லாம் இந்த வசதி வரம். (தமிழ்ல கேப்பிட்டலும் இல்ல, ஸ்மாலும் இல்ல. நம்ம ஔவையார் தப்பிச்சாங்க!)

சிக்கல் எங்க ஆரம்பிக்குதுன்னா, மெஷின் தயாரிச்ச ஐடியில. யூடியூப் லிங்க் கடைசியில 11 எழுத்துல ஒரு கோடு வருமே, அதுல ஒரு எழுத்தை கேப்பிட்டல்ல இருந்து ஸ்மாலா மாத்தினா அது வேற ஐடி. வீடியோ வராது, இல்லேன்னா சம்பந்தமே இல்லாத வேற வீடியோ வரும்.

கம்பெனிகள் கஸ்டமர் விவரம் வெச்சுக்கற சேல்ஸ்ஃபோர்ஸ்ல இது இன்னும் சீரியஸ். அங்க ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 15 எழுத்துல ஒரு ஐடி. 10 எண், 26 கேப்பிட்டல், 26 ஸ்மால், ஆக ஒவ்வொரு இடத்துக்கும் 62 சாய்ஸ். கடைசி எழுத்து மட்டும் கேப்பிட்டல்-ஸ்மால்னு மாறுற ரெண்டு ஐடி ஒரே டேபிள்ல இருக்கறது ரொம்ப சகஜம். ரெண்டும் ரெண்டு வேற வேற மனுஷங்க. அதைக் கொண்டுவந்து ஆக்சஸ்ல ஜாயின் பண்ணினா? ஒருத்தரோட பில் இன்னொருத்தர் தலையில! எர்ரர் மெசேஜ் ஒண்ணும் வராது. ரிசல்ட்ல வர வேண்டிய வரிகளைவிட நாலு வரி கூடுதலா வரும், அவ்வளவுதான். அதுவே அப்டேட் க்வெரியா இருந்தா வரி எண்ணிக்கைகூட மாறாது, உள்ள இருக்கற டேட்டா மட்டும் ஆள் மாறி உட்கார்ந்திருக்கும். எனக்கு பயமே இந்த இரண்டாவது ரகம்தான்.

சேல்ஸ்ஃபோர்ஸ்காரங்களே இதுக்கு ஒரு மருந்து வெச்சிருக்காங்க, சூப்பர் ஐடியா. 15 எழுத்தை அஞ்சு அஞ்சா மூணு குரூப்பா பிரிச்சுக்கறாங்க. ஒவ்வொரு குரூப்லயும் கேப்பிட்டல் இருக்கற இடத்துக்கு 1, மத்த இடத்துக்கு 0. அஞ்சு பிட்டுக்கு 32 காம்பினேஷன் வருமில்லையா? அதைக் குறிக்க 26 எழுத்தும், 0 முதல் 5 வரைக்கும் ஆறு எண்ணும். இப்படி மூணு எழுத்து கூடுதலா ஒட்டினா 18 எழுத்து ஐடி. இதை கேஸ் பார்க்காம ஒப்பிட்டாலும் குழப்பம் வராது. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பர் எதுக்குடான்னு புலம்பறவங்க கவனிக்க!

18 எழுத்து கையில இல்லேன்னா? ஆக்சஸ்லயே ஸ்ட்ர்காம்ப்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ஸ்ட்ரிங்குல முதல் மூணு எழுத்து, கம்பேர்ல முதல் நாலு எழுத்து, அதான் ஸ்பெல்லிங். ரெண்டு ஐடியையும் கொடுத்துட்டு மூணாவதா 0 போடுங்க. அப்படின்னா 'பைனரியா, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு'ன்னு அர்த்தம். அச்சு அசலா ஒண்ணா இருந்தா விடை 0. அதை வேர் கண்டிஷன்ல சேர்த்துடுங்க. வழக்கமான ஜாயினை மட்டும் தூக்கிடாதீங்க. அது இண்டெக்ஸை வெச்சு கூட்டத்தைக் குறைச்சுக் கொடுக்கும், மிச்சத்தை ஸ்ட்ர்காம்ப் வடிகட்டும். ஜாயினே இல்லேன்னா ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு வரியோடயும் ஒப்பிட்டுக்கிட்டு ஆக்சஸ் தவிக்கும், நீங்க கேன்டீனுக்குப் போய் டீ குடிச்சுட்டு வந்தாலும் முடிஞ்சிருக்காது.

அந்த ஐடியை பிரைமரி கீயா வெச்சாலும் வம்பு. இண்டெக்ஸும் கேஸ் பார்க்காது, இரண்டாவது ஐடியை 'டூப்ளிகேட்'னு வாசல்லயே திருப்பி அனுப்பிடும். அதனால ஒரு ஆட்டோநம்பர் கீ வெச்சுக்கறது உத்தமம்.

காலேஜ் லேப்ல ஆரக்கிள், வீட்டு லேப்டாப்ல மைஎஸ்க்யூஎல்னு ஓட்டறவங்க கொஞ்சம் உஷார். ஆரக்கிளும் போஸ்ட்கிரஸும் சும்மா விட்டாலே கேஸ் பார்க்கும். மைஎஸ்க்யூஎல் பார்க்காது. அங்க கொலேஷன் பேர் கடைசியில 'சி.ஐ.'ன்னு முடிஞ்சா கேஸ் இன்சென்சிட்டிவ், 'பின்'னு முடிஞ்சா கறார் பேர்வழி. ஐடி காலத்தை மட்டும் 'பின்'னுக்கு மாத்துங்க, மொத்த டேட்டாபேஸையும் மாத்திடாதீங்க. அப்புறம் லாகின்ல கேப்ஸ் லாக் போட்டு யூசர்நேம் அடிச்சவனுக்கெல்லாம் 'இப்படி ஒரு ஆளே இல்ல'ன்னு பதில் வரும்.

கடைசியா வைவாவுக்கு ஒரு பாயின்ட். மேல சொன்ன வேர் கண்டிஷன் இன்னர் ஜாயினுக்குத்தான் சரி. லெஃப்ட் ஜாயின்ல ஜோடி கிடைக்காத வரியில வலது பக்கம் நல். நல்லை ஸ்ட்ர்காம்புக்குக் கொடுத்தா விடையும் நல், 0 இல்ல. அந்த வரி சத்தமில்லாம காணாமப் போயிடும். அங்க கண்டிஷனை வேர்ல போடாம, எஸ்.க்யூ.எல். வியூவுக்குப் போய் ஆன் பகுதியிலயே எழுதணும். அதுக்கப்புறம் டிசைன் வியூவுல திறந்தா 'இந்த ஜாயினை எனக்குக் காட்டத் தெரியாது'ன்னு ஆக்சஸ் கை விரிக்கும். பதறாதீங்க, க்வெரி ஓடும்!