ஃபாக் லேம்ப் அடிக்கடி ஃபியூஸ் போகிறதா?

ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் பனி மூடும்போதுதான் ஃபாக் லேம்ப்பின் அருமை தெரியும். அது அடிக்கடி ஃபியூஸ் போனால், பல்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

முதலில் லேம்ப்புக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சூடான ஹாலஜன் பல்பில் தண்ணீர் தெறித்தால், கண்ணாடி வெடிக்கலாம். ரப்பர் சீல் போயிருக்கலாம். பம்பரின் அடியில் இருப்பதால், கல் பட்டு லேம்ப்பே விரிசல் விட்டிருக்கலாம்.

உள்ளே ஈரமே இல்லையா? இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 14.5 வோல்ட் வரை கவலையில்லை. 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். இதை விட்டுவைத்தால் பேட்டரியும் சேர்ந்து போகும்.

புது பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் அதிகம் சூடாகி, பல்பின் ஆயுள் குறையும். 55 வாட்ஸ் இடத்தில் 100 வாட்ஸ் போட்டால் ஹோல்டரே உருகலாம்.