பூஞ்சணம் பிடிக்கும் வீடியோ நாடாக்கள்

டிவிடி ரெக்கோடர் என்ற இயந்திரம் இன்று கடைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1999 இறுதியில் ஜப்பானில் பயனியர் நிறுவனம் முதன்முதலில் அதனை விற்பனைக்கு விட்டபோது, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கவே மக்கள் வாங்கினார்கள். அந்தத் தேவை இப்போது இல்லை. எனினும் பூனாகலை, கொஸ்லந்தை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் பழைய வீடியோ நாடாக்களைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் பாவித்த ரெக்கோடர் ஒன்றையேனும் தேடி வாங்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுக்கொன்று வேண்டியதில்லை. ஒரு லயத்துக்கு ஒன்று போதும்.

மலையக மக்களைப் பற்றிய எழுத்துப் பதிவுகளில் பெரும்பாலானவை மற்றவர்கள் எழுதியவை. துரைமார் எழுதிய செக்ரோல், அரசாங்கம் எழுதிய குடிசன மதிப்பீடு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குடியுரிமைக்காக நிரப்பப்பட்ட விண்ணப்பங்கள் என்பனவே அவை. தாங்கள் எப்படிச் சிரித்தார்கள், எப்படிப் பந்தி பரிமாறினார்கள், மாசி மாதக் காமன் கூத்தில் ரதியும் மதனும் எப்படி ஆடினார்கள் என்பதை மக்கள் தாமே பதிந்து வைத்தது வீடியோ வந்த பிறகுதான். ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. அதன் பின்னர் தொலைக்காட்சியும் டெக்கும் வாடகைக்கு வந்தன. கல்யாணத்துக்குக் கமராக்காரர் வந்தார். பணத்தைச் சேர்த்து, கடன்பட்டு எடுத்த அந்த நாடாக்கள்தாம் பல குடும்பங்களின் ஒரே ஆவணம்.

அந்த ஆவணத்துக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று ஈரம். ஊவாவின் மூடுபனியில் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளை நூல் போலப் பூஞ்சணம் படர்கிறது. மற்றது மண். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது மனிதர்களோடு அவர்களுடைய படங்களும் பத்திரங்களும் புதைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து வீடுகள் சேதமாயின. உயிர்களைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் வீடியோ நாடாவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கக்கூடும். பாதுகாப்பான காணியும் வீடும் முதலில் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எல்லாம் இழந்து முகாமில் இருப்பவர் செத்துப்போன தாயின் முகத்தைப் பார்க்க ஒரு படத்துக்காக உறவினரிடம் அலைவதும் இழப்புத்தான்.

நகரத்துக் கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்களே, இயந்திரம் எதற்கு? இதற்கு ரெக்கோடர் வேலை செய்யும் விதத்திலேயே விடை இருக்கிறது. மூன்று மணி நேர நாடாவைத் தட்டில் பதிய மூன்று மணி நேரம் ஓடவிட வேண்டும், அவசரப்படுத்த முடியாது. இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுவே அதன் பெரிய நன்மை. ஓடும்போது வீட்டின் முதியவர்களை முன்னால் உட்கார வைக்கலாம். திரையில் யார் யார், எந்த லயம், யார் 1964 ஒப்பந்தத்தின்படி கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போன குடும்பம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். கடைக்காரர் தரும் தட்டில் பெயர்கள் இருக்காது.

வாங்கும்போது டெக்கும் ரெக்கோடரும் ஒரே பெட்டியில் இருப்பதை விடத் தனித்தனியாக இருப்பது நல்லது. டெக்கின் தலை தேய்ந்தால் வேறு டெக்கை இணைக்கலாம். டெக் உற்பத்தியில் கடைசியாக நின்ற ஃபுனாய் நிறுவனமே 2016இல் அதை நிறுத்திவிட்டதால் இருப்பதைப் பத்திரமாகப் பாவிக்க வேண்டும். பூஞ்சணம் தெரியும் நாடாவை எக்காரணம் கொண்டும் உள்ளே தள்ளக் கூடாது. அது தலையில் ஒட்டி அடுத்த நாடாவையும் கெடுக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கும் வரை தனியே வையுங்கள். கனடாவிலிருந்து வந்த நாடா என்றால் அது என்டிஎஸ்சி முறையில் இருக்கும். நமது பால் முறை டெக்கில் சரியாக ஓடாது. இரண்டையும் ஏற்கும் டெக்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு தட்டில் இரண்டு மணி நேரம் பதிவது நல்ல தரம். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் முகங்கள் கலங்கும். தட்டின் விலை அற்பம், இரண்டு தட்டுகளைப் பாவியுங்கள். பதிந்து முடிந்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்ய மறந்தால் அந்தத் தட்டு வேறு இயந்திரங்களில் பெரும்பாலும் ஓடாது. அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் தட்டே வீணாகலாம். தோட்டத்து மின்சாரம் எப்படி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. கல்யாண வீடியோக்களில் கமராக்காரர் இயற்கையான ஒலியை அழித்துச் சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார். இதய வடிவத்துக்குள் மணமக்களின் முகம் வேறு! பேச்சும் மேளமும் போய்விட்டன. வெட்டாத மூல நாடா யாரிடமாவது கிடந்தால் முதலில் அதைப் பதியுங்கள்.

தட்டும் நிரந்தரமல்ல. அதன் சாயப் பூச்சு வெயிலிலும் சூட்டிலும் மங்கும். ஆகவே தட்டிலுள்ள கோப்புகளை அப்படியே கணினிக்கும் வெளி வன்தட்டுக்கும் ஏற்றி, ஒரு பிரதியைக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடமும் மற்றொன்றைக் கடல் கடந்த உறவினரிடமும் கொடுக்க வேண்டும். எல்லாப் பிரதிகளும் ஒரே மலைச்சரிவில் இருந்தால் பிரதி எடுத்ததில் பயனில்லை. காமன் கூத்து, திருவிழா போன்ற பொதுப் பதிவுகளை, அதில் இருப்பவர்கள் சம்மதித்தால், 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கு வழங்கலாம். பெயர் எழுதிய கொப்பியையும் படம் பிடித்துச் சேர்த்துக் கொடுங்கள். தட்டின் மேல் காகித லேபல் ஒட்ட வேண்டாம், குமிழ்முனைப் பேனாவாலும் எழுத வேண்டாம். மென்மையான மார்க்கரால் நடுவளையத்தில் தோட்டம், பிரிவு, ஆண்டு இவை மூன்றையும் எழுதினால் போதும்.