'புலி வருமுங்களா?' - டாப்சிலிப், பரம்பிக்குளம் காட்டில் ஒரு நாள்

வண்டி கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்.

"ஏனுங்கண்ணா, புலி வருமுங்களா?"

பரம்பிக்குளம் காட்டுக்குள் பயணிகளைக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளுக்கு இது பழகிப்போன கேள்வி. "பார்க்கலாம்ங்க" என்பதுதான் பதில். வரும் என்று உறுதி தர முடியாது. வராது என்று சொல்லி, முதல் வளைவிலேயே குழந்தைகளின் முகத்தை வாட வைக்கவும் மனசு வராது.

புலிகள் காப்பகம் என்று பெயர்ப்பலகை இருப்பதால் வரும் எதிர்பார்ப்பு இது. 640 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காடு. அதில் வண்டி போவது ஒரே ஒரு ரோடு. வெயில் ஏறிய பத்து மணிக்கு, அந்த ரோட்டோரமாகப் பார்த்து புலி வந்து நிற்க வேண்டும் என்றால், அது லாட்டரிதான். புலியைப் பார்க்கவில்லை என்பதற்காக "ஒண்ணுமே இல்லைப்பா" என்று சொல்லிக்கொண்டு திரும்புபவர்கள் உண்டு. அவர்கள் எதையெல்லாம் பார்த்தும் பார்க்காமல் வந்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் வழி. பரம்பிக்குளம் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால், பயணிகள் அங்கே போவது தமிழ்நாட்டு வழியாகத்தான். பொள்ளாச்சியில் இருந்து ஆனைமலை, சேத்துமடை, அங்கிருந்து மலையேறினால் டாப்சிலிப். பொள்ளாச்சியில் இருந்து மொத்தமாக 35 கிலோமீட்டர் சொச்சம். டாப்சிலிப் நம்மூர் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் வருகிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆனப்பாடி செக்போஸ்ட், அதற்கு அந்தப் பக்கம் கேரளா. போர்டில் எழுத்து மாறுகிறது, சீருடை மாறுகிறது. காடு மட்டும் அப்படியே தொடர்கிறது. யானைக்கும் காட்டு மாட்டுக்கும் இரண்டும் ஒரே வீடு.

டாப்சிலிப் என்ற பெயர் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியில் இருந்து சரிவில் உருட்டிவிட்டார்கள். மேலே இருந்து வழுக்கிப் போகும் இடம், அதனால் டாப் ஸ்லிப். கப்பல் கட்டவும் ரயில் பாதை போடவும் ஆனைமலைத் தேக்கு போய்க்கொண்டே இருந்தது. பரம்பிக்குளம் பக்கம் வெட்டிய மரங்களைக் கொண்டுபோக, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி சமஸ்தானம் சாலக்குடி வரைக்கும் டிராம் பாதையே போட்டது. மலை மேல் டிராம்! எவ்வளவு மரம் போயிருக்கும் என்று புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

அப்படி மொட்டையாகிக்கொண்டிருந்த காட்டுக்கு வந்த வன அதிகாரிதான் ஹியூகோ வுட். மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று அவர் முறையை மாற்றினார், புதிதாக நட்டார். கோட்டுப் பை நிறைய தேக்கு விதையும் கையில் இரும்புப் பூண் போட்ட தடியுமாக நடப்பாராம். தடியால் ஒரு குத்து, குழியில் ஒரு விதை. டாப்சிலிப்பில் இன்றைக்கும் சொல்லும் கதை இது. 1933-ல் இறந்த அவரை அவர் விருப்பப்படியே இங்கே, தேக்குகளுக்கு நடுவில் அடக்கம் செய்தார்கள். 'என் நினைவுச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பாருங்கள்' என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வாசகம் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வுட் நட்டது காட்டு விலங்குகளுக்காக அல்ல. அரசாங்கத்துக்கு மரம் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. வரிசை பிடித்து நிற்கும் தேக்குகளைப் பார்த்து, "ஆஹா, என்ன அடர்ந்த காடு!" என்று செல்ஃபி எடுப்பவர்கள், கொஞ்சம் தள்ளி இருக்கும் இயற்கைக் காட்டையும் கவனித்தால் வித்தியாசம் தெரியும். அங்கே உயரம் உயரமாக, விதவிதமாக மரங்கள். கீழே செடி, கொடி, மூங்கில். இருவாச்சி பழம் தேடுவதும், மலை அணில் கிளைக்குக் கிளை தாவுவதும் அங்கேதான்.

வெட்டுக்குத் தப்பிய கிழத் தேக்கு ஒன்று துணக்கடவு பக்கம் நிற்கிறது. பெயர் கன்னிமாரா. 450 வயதுக்கு மேல் என்கிறது கேரள வனத்துறை. சுற்றளவு 7 மீட்டருக்கும் அதிகம். கையைக் கோத்துக் கட்டிப்பிடிக்க ஐந்து பேர் வேண்டும். இதை வெட்டப் போனபோது ரத்தம் வந்ததாகவும், அதனால் கன்னித் தெய்வமாகக் கும்பிட்டு விட்டுவிட்டதாகவும் பழங்குடி மக்கள் சொல்கிறார்கள். வழிகாட்டியிடம் கேட்டால், கீழே கிடக்கும் இளம் தேக்கு இலையைக் கையில் வைத்துக் கசக்கிக் காட்டுவார். உள்ளங்கை மருதாணி வைத்ததுபோல் சிவந்துவிடும். குழந்தைகள் புலியை மறப்பது அந்த இடத்தில்தான்.

பரம்பிக்குளம், துணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் இருப்பது கேரளாவில். இயக்குவது தமிழ்நாடு. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் இந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக சர்க்கார்பதி மின் நிலையத்துக்கு வந்து, வாய்க்காலில் இறங்கி, கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்கும் தோப்புகளுக்கும் போகிறது. பொள்ளாச்சி இளநீரைக் குடித்துக்கொண்டே மலையேறும் குடும்பங்கள், அந்த இளநீரில் இந்தக் காட்டுத் தண்ணீருக்கும் பங்கு இருக்கலாம் என்று நினைப்பதில்லை. அணைக்கரையில் முதலை வெயில் காய்ந்தால் அதை நினைக்க நேரமும் இருக்காது, சரிதான்.

அணை வந்தபோது பெரிய பரப்பில் காடு தண்ணீருக்குள் போனது. காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்று இங்கேயே வாழும் மக்களின் காடு அது. இன்று வண்டியில் முன்னால் உட்கார்ந்து வரும் வழிகாட்டி பெரும்பாலும் இந்தக் குடியிருப்புகளில் ஒன்றைச் சேர்ந்தவர். வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது என்ற விதி, அவர் வீட்டு அடுப்பு எரிய ஒரு காரணம். பயணிகளுக்கும் அதில் லாபம்தான். மந்தி திடீரென்று கத்தினால், புள்ளிமான் ஒரே திசையைப் பார்த்து விறைத்து நின்றால், அவர் வண்டியை நிறுத்தச் சொல்வார். பக்கத்தில் ஏதோ இருக்கிறது. அந்த இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் போதும். பேசிவிடுகிறார்கள் என்பதுதான் சோகம். பின் சீட்டில் ரீல்ஸ் சத்தமும் கேட்கும்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் டாப்சிலிப் அருகே கோழிகமுத்தி யானைகள் முகாம். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் சேர்த்து உருட்டிய கவளத்தைப் பாகன் வாயில் வைக்க, யானை கண்ணை மூடி மெல்லும். 99 பணிகளில் ஈடுபட்டதாகச் சொல்லப்படும் கும்கி கலீம், 60 வயதில் ஓய்வு பெற்றது இங்கேதான். 2023 மார்ச்சில் வனத்துறையினர் அணிவகுத்து நின்று மரியாதை செய்தார்கள்.

சின்னதம்பியை நினைவிருக்கிறதா? கோவை தடாகம் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த காட்டு யானை. 2019 ஜனவரியில் பிடித்துக் கொண்டுவந்து இந்தக் காட்டில்தான் விட்டார்கள். இத்தனை பெரிய காடு, தண்ணீர், மூங்கில் எல்லாம் இருந்தும் சில நாட்களிலேயே வெளியேறி நடக்க ஆரம்பித்துவிட்டான். உடுமலை பக்கம் கரும்புக்காட்டில் போய் நின்றான். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள். இப்போது அவனும் கும்கி. எந்த ஊர் எல்லைக்குள் காட்டு யானை புகுந்தாலும் விரட்ட அழைத்துப் போகும் கூட்டத்தில் ஒருவன். முகாமில் எல்லோரும் அவனைத்தான் தேடுகிறார்கள். பார்த்ததும் சிரித்து போட்டோ எடுக்கிறார்கள். சிலர் எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பைக்கில் போகாதீர்கள், மேலே விடமாட்டார்கள். பொள்ளாச்சியில் இருந்து பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் சுற்றுலாவை நிறுத்திவிடுவார்கள்; கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தேக்கு இலை உதிர்ந்து நிற்கும் மாதங்களைவிட, மழை விட்ட பிறகு காடு அழகு. இருட்டும் முன் மலை இறங்கிவிட வேண்டும். ரோட்டோரக் குரங்குக்கு சிப்ஸ் போடாதீர்கள், அடுத்த வண்டிக்காரர் கையில் இருந்து அது பிடுங்கித் தின்னும். குடியிருப்புகளைத் தாண்டும்போது வீட்டு வாசலில் இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கறுப்பு, சிவப்பு சட்டையைத் தவிர்த்து பச்சை, பழுப்பு நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் சஃபாரிக்கு முதல் வண்டியிலேயே ஏறிவிடுங்கள். காட்டு மாட்டுக் கூட்டம் ரோட்டோரம் மேய்வது அதிகாலையில்தான்.