தகவலுக்காக மட்டும்

அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். அந்தக் காலத்தில் என் கை அதிகம் எழுதிய வாசகம் ஒன்று உண்டு: ‘தகவலுக்காக. கோப்பில் சேர்க்க.’ மேலேயிருந்து ஒரு காகிதம் வரும். அதன்மேல் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று தோன்றினால் இந்த வாசகத்தை எழுதி, சுருக்கொப்பம் போட்டு, நாடாவைக் கட்டிவிட வேண்டியது. காகிதத்தின் கதை அத்தோடு முடிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். ‘மிசியேவுக்கு கோப்பு வேலை தெரியும்’ என்பதுதான் தகுதி. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் இந்த வயதிலும் தெருவில் எனக்கு அந்தப் பெயர்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் பத்திரிகையில் சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். மின் கட்டணத்தை மாற்றுவது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள், இன்ன தேதிக்குள் எழுதலாம், இன்ன நாளில் நேரில் வந்தும் பேசலாம் என்று இருந்தது. கத்தரித்து எடுத்தேன். சங்கக் கோப்பில் ஒட்டினேன். பழக்க தோஷம், மேலே எழுதியும் விட்டேன்: ‘தகவலுக்காக.’

யாருடைய தகவலுக்காக என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

சில மாதம் கழித்து, தெருமுனையில் இட்லி போடும் அக்கா (என்னைவிட இருபது வயது இளையவர், ஊருக்கே அக்கா) கரண்டு பில்லைப் பற்றி என்னிடம் புலம்பினார். வாடகை வீடு. வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். தினமும் விடியற்காலை கிரைண்டர் ஓடுகிறது. நான் என் மேதாவித்தனத்தைக் காட்டப் போய், “கட்டணத்தை ஏத்துறதுக்கு முன்னாடி மக்கள்கிட்ட கருத்து கேட்டாங்களேம்மா” என்றேன்.

“யாரைக் கேட்டாங்க?” என்றார்.

“பேப்பர்ல போட்டிருந்தாங்க. நான்கூட வெட்டி வச்சிருக்கேன்.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வெட்டி வச்சீங்களா? ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாக எழுதும் பதில்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு, கட்டணம் நிர்ணயிக்கும் முன் விண்ணப்பத்தின் சுருக்கத்தை வெளியிட வேண்டும், பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. ஆக, கேட்பது அவர்கள் நமக்குச் செய்யும் தயவு அல்ல, சட்டக் கடமை. கோவாவுக்கும் நம்முடையது உட்படப் பல யூனியன் பிரதேசங்களுக்கும் சேர்த்து ஒரே ஒழுங்குமுறை ஆணையம். அதன் அலுவலகம் டில்லிக்குப் பக்கத்தில் குருகிராமில். அவர்கள் புதுச்சேரிக்கு வந்து கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள். விண்ணப்பமோ ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம். நான் தமிழை வீட்டிலும் தெருவிலும் கற்றவன். ஆங்கிலத்தை வேலைக்குச் சேர்ந்த பிறகு கோப்புகளில் கற்றவன். எனக்கே அதைப் புரட்டினால் கண்ணைக் கட்டுகிறது. இட்லி அக்கா எங்கே போவார்?

கேட்க விஷயமா இல்லை? நம் பிரதேசத்தில் சொந்தமாகப் பெரிய மின் உற்பத்தி கிடையாது. காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று இருக்கிறது. மற்றபடி நெய்வேலி, கல்பாக்கம், ராமகுண்டம் என்று மத்திய நிலையங்களிலிருந்து வாங்குகிறோம். மாஹேவுக்குக் கேரளம் வழியாகவும் ஏனாமுக்கு ஆந்திரம் வழியாகவும் போகிறது. வாங்கும் விலை, வழியில் ஆகும் இழப்பு, கம்பி, மின்மாற்றி, சம்பளம் எல்லாம் சேர்ந்துதான் நம் பில். அதில் முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100க்கு ஒரு விலை, 200க்கு மேல், 300க்கு மேல் என்று ஏறிக்கொண்டே போகும் படிக்கட்டு. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் மூன்று வீட்டு யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல்படிக்கு ஏறிவிடும். கஷ்டப்படுகிறவர்தான் அதிக விலைப் படியில் நிற்பார். இதை எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

அப்புறம் சூரிய மின்சாரம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், வீட்டு மாடியில் ஒரு கிலோவாட் போட்டால் 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 மானியம் என்பது பலருக்குத் தெரியும். அதே திட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கங்கள் பொது விளக்கு, மோட்டார் போன்றவற்றுக்காகப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு என்பது எத்தனை சங்கத்துக்குத் தெரியும்? மாடி இல்லாதவன், ஓட்டு வீட்டுக்காரன், வாடகைக்காரன் இவர்களுக்கு இதில் என்ன வழி? மீட்டரை மாற்றினால் யாருக்கு லாபம்? 2022 செப்டம்பர் கடைசியில் மின்துறை ஊழியர்கள் தனியார்மயத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது ஊரே இதைப் பற்றிப் பேசியது. ஆனால் பேசியதெல்லாம் டீக்கடையில். டீக்கடைப் பேச்சை யாரும் எழுதி வைப்பதில்லை.

சரி, இதையெல்லாம் பேச வேண்டியவர் வார்டு கவுன்சிலர் அல்லவா என்பீர்கள். எங்கே இருக்கிறார் கவுன்சிலர்? 1880லேயே பிரெஞ்சுக்காரன் இங்கே நகரசபை ஏற்படுத்திவிட்டான் என்று பெருமை பேசுவோம். இடிந்து விழுந்த ‘மேரி’ கட்டடத்தைக்கூடக் கடற்கரையில் அழகாகத் திரும்பக் கட்டியாயிற்று. ஆனால் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. நான் இதை எழுதும் வரை அடுத்த தேர்தல் வரவில்லை. கட்டடம் இருக்கிறது, உட்கார வேண்டியவர்கள் இல்லை. அந்தத் தேர்தல் வரும் வரை தெருவின் பேச்சை மேலே கொண்டுபோக இருப்பவை நம் சங்கங்கள்தான். அது நமக்கு வந்து சேர்ந்த பொறுப்பு.

பள்ளிக்கூடத்தில் எங்கள் சரித்திர வாத்தியார் 1789ஐ நடத்தும்போது பஸ்தீய் கோட்டையைவிட ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். அந்த ஆண்டு மே மாதம் வெர்சாயில் மூன்று வர்க்கத்தாரின் சபை கூடுவதற்கு முன், பிரான்சில் ஊர் ஊராக மக்கள் கூடித் தங்கள் குறைகளை எழுதிக் கொடுத்தார்கள். உப்பு வரி அதிகம், பிரபுவின் புறாக்கள் விதையைத் தின்கின்றன என்றெல்லாம் எழுதினார்கள். ‘குறைகளின் நோட்டு’ என்று பெயர். கூடவே வாத்தியார் ஓர் எச்சரிக்கையும் சொல்வார்: பல ஊர்களில் அதை எழுதியது குடியானவன் இல்லை, எழுதத் தெரிந்த வக்கீலும் நோட்டரியும். அவர்கள் கைக்குப் போனதும் புறா மறைந்து, பெரிய பெரிய வார்த்தைகள் வந்துவிடும். அன்று சிரித்தோம். பிற்பாடு நானே அந்த நோட்டரி ஆனேன். அவனாவது ஏதோ எழுதினான். நான் ‘தகவலுக்காக’ என்று எழுதிக் கட்டி வைத்தேன்.

என் யோசனை இதுதான். ஒவ்வொரு பகுதியிலும் இருக்கும் அமைப்புகள் சேர்ந்து, ஆண்டுக்கு இரண்டு தடவையாவது மின்சாரத்தைப் பற்றி ஒரு மாலைக் கூட்டம் நடத்த வேண்டும். ஆனால் நாம் வழக்கமாக நடத்தும் கூட்டம் மாதிரி அல்ல. நம் வழக்கம் என்ன? இரண்டு பேர் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்வோம். அழைப்பிதழில் பத்துச் சங்கத்தின் பெயரைப் போடுவோம். வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவோம். பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் பேசுவார். ‘நேரமின்மை காரணமாக’ கேள்விகள் இல்லை. நன்றியுரை, தேசிய கீதம். இப்படிக் கூப்பிட்டால் வந்தவர் விருந்தாளி. விருந்தாளி இலையில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போவார், சமையலறைக்குள் வரமாட்டார். நமக்கு வேண்டியவர்கள் அரிவாள்மணையில் உட்காரும் கூட்டாளிகள்.

கூட்டாளி என்றால் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே போய்க் கேட்க வேண்டும். மீனவர் பஞ்சாயத்தைக் கேட்டால் ஐஸ் பற்றிச் சொல்வார்கள், எந்த நாளில் கடலுக்குப் போகாமல் இருப்பார்கள் என்றும் சொல்வார்கள். பாகூர் பக்கத்து விவசாயிகள் பம்புசெட்டுக்கு எந்த நேரத்தில் மின்சாரம் வேண்டும் என்பார்கள். முத்தியால்பேட்டை நெசவாளர், மகளிர் சுயஉதவிக் குழு, வியாபாரிகள் சங்கம், கோயில் கமிட்டி, பங்குப் பேரவை, ஜமாஅத், ஓய்வூதியர் சங்கம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி இருக்கும். எந்தச் சங்கமும் இல்லாத வாடகைக்காரர்களையும் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் அமைப்பும் தன் கேள்விகளைத் தானே எழுதிக்கொண்டு வரட்டும், சொன்னவர் சொன்ன வார்த்தையிலேயே. மின்துறைப் பொறியாளரையும் கூப்பிடுவோம், லைன்மேன் தம்பிகளையும் கூப்பிடுவோம். மேடையில் அல்ல, வட்டத்தில். அவர்கள் கஷ்டத்தையும் நாம் கேட்போம். புயலில் கம்பம் ஏறுகிறவர் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

அரசியல் புகுந்துவிடும் என்று நண்பர்கள் பயப்படுகிறார்கள். புகட்டுமே. கட்சிக்காரரும் பில் கட்டுகிறவர்தான். மைக் ஒருவர் கையிலேயே தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், ஆளுக்கு மூன்று நிமிடம். என்ன பேசினாலும் ஏற்றத்தான் போகிறார்கள் என்கிறார்கள் இன்னும் சிலர். இருக்கலாம். நாம் எழுதிக் கொடுத்தால் கட்டணம் குறைந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வந்த ஆட்சேபங்களைப் பரிசீலிக்க ஆணையம் கடமைப்பட்டது. வராத ஆட்சேபத்தை யார் பரிசீலிப்பார்கள்? நாம் வாயைத் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்றுதான் கோப்பில் ஏறும். முப்பத்து நான்கு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்படிச் சேர்ந்து பேசித் தீர்மானிக்க நமக்குத் தெரியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் அடித்ததே, நினைவிருக்கிறதா? நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று டீசலுக்குப் பணம் போட்டு, ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்தோம். ஒரு மணி நேரம் ஓடும். எந்த வீட்டு மோட்டாருக்கு முதலில் என்பதுதான் கேள்வி. விழுந்து கிடந்த வேப்பமரத்தின்மேல் உட்கார்ந்து பேசினோம். கைக்குழந்தை இருக்கும் வீடு முதலில், படுக்கையில் இருக்கும் பெரியவர் வீடு அடுத்து, பணம் போட முடியாத வீட்டுக்கும் இரண்டு குடம் என்று முடிவாயிற்று. அந்த வரிசையைச் சொன்னது நான் அல்ல. பத்தாவது தாண்டாத இரண்டு பெண்கள். ஒருவர் இட்லி அக்கா. எந்தச் சண்டையும் வரவில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டி முழங்கால் தண்ணீர் நின்றபோதும் எந்த மின்பெட்டி மூழ்குகிறது, எந்தக் கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்று தெருப் பிள்ளைகள்தான் அடையாளம் காட்டினார்கள். அந்த விவரங்களை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

போன வாரம் கடையில் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். சங்கக் கோப்பிலிருந்து அந்தப் பழைய கத்தரிப்பைப் பிய்த்து அதன் அட்டை உட்புறத்தில் ஒட்டினேன், எனக்கு ஒரு தண்டனை மாதிரி இருக்கட்டும் என்று. பிறகு இட்லி அக்காவிடம் போய், “முதல் கேள்வி நீதான் சொல்லணும்” என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. “வீட்டு மீட்டர்ல மாவு அரைச்சு வித்தா அது வீடா கடையாண்ணே? அதுக்கு எந்த ரேட்டு? இதைக் கேளுங்க.”

அப்படியே எழுதிக்கொண்டேன். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. பதில் எனக்குத் தெரியவில்லை, வட்டத்தில் உட்காரப் போகும் பொறியாளரைத்தான் கேட்க வேண்டும். இந்த ஞாயிறு பக்கத்துத் தெருச் சங்கத்துக்கும் மீனவர் பஞ்சாயத்துக்கும் நடந்து போகிறேன். கையில் அழைப்பிதழ் கிடையாது. தேதியும் குறிக்கவில்லை, தலைவர் யார் என்றும் முடிவு செய்யவில்லை. நோட்டு மட்டும்தான். நோட்டில் இன்னும் முப்பத்தொன்பது பக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் பகுதியில் ஏதாவது ஒரு சங்கத்தில் நீங்களும் செயலாளராகவோ பொருளாளராகவோ இருப்பீர்கள், நம் வயதில் வேறு என்ன பதவி கிடைக்கும்? நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். மேலே ‘தகவலுக்காக’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.