லடாக்கில் பங்கு போடலாமா?

போன மாதம் சங்க விழா முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அண்மையில் ஓய்வு பெற்றவர். கையில் பிராவிடண்ட் ஃபண்ட் பணம் இருக்கிறது. "சார், நீங்கள் லே பக்கம் போய் வந்தவர். அங்கே ஹோட்டல் கட்டப் பங்குக்கு ஆள் தேடுகிறார்களாம். சேரலாமா?" என்றார். தில்லித் தமிழர்களில் இப்படி யோசிப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதால் என் அபிப்பிராயத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆசை வருவது இயல்புதான். 1974ல்தான் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. 2009ல் 'த்ரீ இடியட்ஸ்' படம் வந்தபின் பாங்காங் ஏரிக்குப் போகாதவர் போகாதவர்தான் என்றாகிவிட்டது. 2022ல் மட்டும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்பவர்களே 2.74 லட்சம்தான்!

ஆனால் வியாபாரம் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. குளிர்காலத்தில் குழாய்களில் தண்ணீர் உறைந்துவிடும். பல ஹோட்டல்களில் பூட்டுத் தொங்கும். ஐந்து மாத வரும்படியில் பன்னிரண்டு மாத வட்டி கட்ட வேண்டும். அந்த ஐந்து மாதத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு, 2020ல் கொரோனாவோடு கல்வான் மோதல், 2025 மே மாதம் சில நாட்கள் விமான நிலையமே மூடல்.

இதெல்லாம் பணக்கணக்கு. எனக்கு உறுத்துவது தண்ணீர்க் கணக்கு. லேயில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் ஒரே இரவில் கொட்டுகிற மழை அது. பார்லி வயலுக்கு உருகும் பனிதான் ஆதாரம். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துத் திறந்துவிட கிராமத்தில் 'சுர்பொன்' என்று ஒருவர் உண்டு. நம் ஏரிப்பாசனத்து நீர்க்கட்டியேதான்! அந்த ஊர்ப் பொறியாளர் செவாங் நோர்பெல் குளிர்காலத்து ஓடை நீரை நிழலில் தேக்கி உறையவைத்து, விதைப்புக் காலத்தில் உருகிவரும்படி செயற்கைப் பனிப்பாளங்கள் அமைத்தார். 2015ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர்கள் வீட்டுக் கழிப்பறைக்குக்கூடத் தண்ணீர் வேண்டாம். மண்ணும் சாம்பலும் போட்டு மூடி வயலுக்கு எருவாக்குகிறார்கள். நாமோ ஷவரும் ஃப்ளஷ்ஷும் இல்லாத அறையை அறை என்றே ஒப்புக்கொள்வதில்லை. அதற்காக ஹோட்டல்கள் போர்வெல் போடுகின்றன. கழிவு குழியில் இறங்கி அதே நிலத்தடி நீரில் கலக்கிறது.

இன்னொன்று. 2019 அக்டோபர் 31ல் லடாக் யூனியன் பிரதேசமானபோது, வெளியார் நிலம் வாங்குவதற்கு இருந்த பழைய தடைப் பாதுகாப்பும் போய்விட்டது. ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் மாநில அந்தஸ்தும் கேட்டு மக்கள் போராடி வந்தார்கள். 2025 செப்டம்பர் 24 அன்று லேயில் ஆர்ப்பாட்டம் கலவரமாகி நான்கு பேர் உயிரிழந்தார்கள். நிலம் கைவிட்டுப் போகுமோ என்று இவ்வளவு அஞ்சும் ஊரில் நாம் கட்டடம் எழுப்பி லாபம் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. பிழைக்க வந்த ஊரில் வெளியாராக வாழ்ந்து பார்த்த நமக்கு இது புரியாமல் போகாது. நாம் உழைத்து வாழ வந்தோம். பங்குப் பணம் அங்கே வாழவும் போவதில்லை.

அப்படியானால் பணமே போகக் கூடாதா என்றால், போகட்டும். வீட்டுக்காரர் கைக்கு நேராகப் போகட்டும். ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் ரும்பக் என்ற கிராமம் இருக்கிறது. ஆட்டைத் தின்ன வரும் பனிச்சிறுத்தை அங்கே ஒரு காலத்தில் ஜென்மப்பகை. இப்போது அதைப் பார்க்கக் குளிர்காலத்திலேயே ஆட்கள் வருகிறார்கள். கிராமத்து வீடுகளில் தங்கிச் சாப்பிட்டுக் காசு கொடுக்கிறார்கள். சிறுத்தையும் பிழைத்தது. இருக்கிற வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தால் போதும். பங்குதாரரும் தேவையில்லை, புரோக்கரும் தேவையில்லை.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடிவிட்டது. பணத்தை பாங்கிலேயே போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார். பிப்ரவரியில் மனைவியோடு சிறுத்தை பார்க்கப் போக உத்தேசமாம். அந்த அம்மாளுக்கு ஒரே கவலைதான், குளிக்க வெந்நீர் கிடைக்குமா என்று. ஒரு வாளி கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.