பார்ப்பதற்கும் கூலி உண்டு

பெங்களூரில் ஒரு பழைய கார் ஆயில் ஒழுக்கோடு ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறதென்றால், அதை அனுப்பியது பெரும்பாலும் ஆர்.டி.ஓ. பயமாக இருக்கும், அல்லது அபார்ட்மெண்ட் அசோசியேஷனின் நோட்டீஸாக இருக்கும். டில்லியைப் போல இங்கே வயதைக் காரணம் காட்டி வண்டியை ரோட்டிலிருந்து இறக்குவதில்லை. 15 வருடம் முடிந்ததும் கோரமங்களா ஆர்.டி.ஓ.விலோ ஜெயநகர் ஆர்.டி.ஓ.விலோ வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் 5 வருடத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏறியது. மாருதி 800-ஐயும் ஜென்னையும் எஸ்டீமையும் விட மனமில்லாதவர்கள் அதையும் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அசோசியேஷன் விஷயம் வேறு. பேஸ்மெண்ட் தரையில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தால் போதும், அந்த பார்க்கிங் நம்பர்காரருக்கு அன்றே செய்தி போய்விடுகிறது.

யார் அனுப்பினாலும் வண்டிக்காரர் கேட்பது ஒன்றுதான்: சொட்டக் கூடாது, சனிக்கிழமைக்குள் வண்டி வேண்டும். இந்த அவசரத்துக்கு இடம் கொடுத்துக் கொடுத்து நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் ஊறிவிட்டது. வண்டி உள்ளே வந்ததும் முதல் வேலையாக டீசல் அடித்து இஞ்சினைக் கழுவிவிடுகிறோம். அடுத்து, எங்கே சொட்டியதாகச் சொன்னார்களோ அந்த இடத்துப் பேக்கிங்கை மாற்றுகிறோம். பில் போடுகிறோம். பத்து நாளில் வண்டி அதே சொட்டோடு திரும்ப வருகிறது. இந்த முறை சம்ப்பை இறக்குகிறோம். அதற்கும் அடங்கவில்லையென்றால் கியர்பாக்ஸை இறக்குகிறோம். இதில் எந்த வேலையும் மோசமாகச் செய்யப்பட்டதல்ல. எதைச் செய்ய வேண்டும் என்று பார்க்காமல் செய்யப்பட்ட வேலை, அவ்வளவுதான்.

ஓட்டு வீட்டில் தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று, ஓடு உடைந்த இடம் வேறு. இஞ்சினிலும் அப்படித்தான். ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். டேப்பட் கவரின் பின் மூலையில் கசிந்த ஆயில் பிளாக்கின் முதுகு வழியாக வழிந்து பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு அது அச்சு அசல் பின் க்ராங்க் சீல் போய்விட்டது போலவே இருக்கும். மாருதி 800-இல் இந்த ஏமாற்று இன்னும் அதிகம். அதில் டிஸ்ட்ரிபியூட்டர், சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் கியர்பாக்ஸ் பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் ஓ-ரிங் காய்ந்து கெட்டியானால் ஆயில் நேராகக் கியர்பாக்ஸின் மேல்தான் இறங்கும். ஒரு ஓ-ரிங்கின் விலை எங்கே, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி எங்கே? ஓ-ரிங்கில் முடியவேண்டிய வேலைக்குக் கியர்பாக்ஸ் கூலியை வாங்கி, ஒழுக்கும் நிற்காமல் போனால், அந்த வண்டிக்காரர் நம் கடைக்கு மட்டுமல்ல, நம் தொழிலுக்கே திரும்ப மாட்டார்.

ஆகவே கழுவுவதற்கு முன் பாருங்கள். அழுக்கும் ஒரு சாட்சிதான். பழைய கசிவு மண்ணோடு சேர்ந்து கெட்டியாகப் படிந்திருக்கும். புதுக் கசிவு ஈரமாகப் பளபளக்கும். எந்த உயரத்துக்கு மேல் இஞ்சின் காய்ந்திருக்கிறதோ, அந்தக் கோட்டிலிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும். போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு கழுவுங்கள். கழுவிய எண்ணெய்த் தண்ணீரை வாசல் சாக்கடைக்கு விடாமல் டிரேயில் பிடியுங்கள். இந்த ஊரில் சாக்கடை போய்ச் சேரும் இடம் ஏரி. நன்றாகக் காய்ந்ததும், சந்தேகப்படும் மூட்டுகளில் சாதாரண முகப்பவுடரை மெல்லிசாகத் தூவி, இஞ்சின் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். வெள்ளைப் பரப்பில் முதலில் எங்கே கறுக்கிறதோ, அதுதான் இடம். அதிலும் பிடிபடவில்லையென்றால் ஆயிலில் கலக்கும் யு.வி. சாயமும் ஒரு நீல விளக்கும் போதும். மெதுவாகக் கசியும் வண்டிக்கு ஒரு நாள் ஓட்டம் பத்தாது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும்.

வண்டிக்காரரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். இரவு பார்க்கிங்கில் காரின் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, டயர்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து, காலையில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கறுப்பாக இருந்தால் இஞ்சின் ஆயில். தேன் நிறத்தில் கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். சிவப்பு பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங். சக்கரத்தின் ஓரமாக ஈரம் தெரிந்தால், வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்களே போய்ப் பாருங்கள். அது பிரேக் ஆயிலாக இருக்கலாம்.

இத்தனையும் செய்து இடத்தைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இதைக் கேட்காததால்தான் நல்ல மெக்கானிக்குகளும் தோற்றுப்போகிறார்கள் என்பது என் எண்ணம். ஆயில் ஏன் இப்போது வெளியே வருகிறது? பேக்கிங் வயதாகிவிட்டது என்பது பாதி பதில்தான். எல்லா இஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு க்ராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாயும் பி.சி.வி. வால்வும் இருக்கின்றன. பெங்களூர் போக்குவரத்தில் பத்து கிலோமீட்டரைக் கடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; இஞ்சின் பாதி நேரம் ஐடிலில் கிடக்கிறது. ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போவதற்கு வழியில்லாமல் கரியோடு சேர்ந்து சேறாகி அந்தக் குழாயைத்தான் முதலில் அடைக்கிறது. வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான சீலைத் தேடிக்கொண்டு வெளியே வரும். அந்த சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான சீல். முன் சீல், அப்புறம் டேப்பட் கவர், அப்புறம் பின் சீல் என்று ஒரே வண்டி வருடம் முழுக்க நம் கடைக்கு வந்துகொண்டிருந்தால், பிரீதரை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சோதனை சுலபம். இஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். பி.சி.வி. சரியாக இருக்கும் இஞ்சின் அதை லேசாக உள்ளே இழுக்கும். காகிதம் எகிறினால் முதலில் குழாயையும் வால்வையும் சுத்தம் செய்யுங்கள். அப்போதும் எகிறினால் அது ரிங் தேய்ந்த பேக் கம்ப்ரஷன். அந்த இஞ்சினில் எத்தனை சீல் மாற்றினாலும் காசுதான் வீண். கம்ப்ரஷன் எடுத்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. கார்புரேட்டர் வண்டியென்றால் ஆயில் கேஜையும் முகர்ந்து பாருங்கள். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கும். ஒழுகும் வண்டியில் ஆயில் அளவு குறைய வேண்டும், இங்கே ஏறியிருக்கும். நீர்த்துப்போன அந்த ஆயில் எந்தப் பேக்கிங்கிலும் நிற்காது, பேரிங்கையும் காப்பாற்றாது.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரி பேச வேண்டியிருக்கிறது. 1489 சி.சி. பி.எம்.சி. இஞ்சினில் பின் மெயின் பேரிங்குக்குப் பின்னால் ரப்பர் சீலே கிடையாது. க்ராங்க் ஷாஃப்டில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் ஆயிலைச் சம்ப்புக்கே திருப்பி அனுப்புகிறது. ஷாஃப்ட் சுற்றினால்தான் அது வேலை செய்யும். பேஸ்மெண்ட் சரிவில் மூக்கைத் தூக்கி நிறுத்திய அம்பாசடர் இரவில் இரண்டு சொட்டு விட்டால், அது அந்த இஞ்சினின் பிறவிக் குணம். அதை நோயென்று சொல்லி இஞ்சினைப் பிரித்துக் காசு வாங்குவது நியாயமில்லை. அதே இஞ்சினின் பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் டேப்பட் கவர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் பிடிப்பது நடுவில் இருக்கும் ஒரே போல்ட். ஒழுகுகிறதே என்று இறுக்க இறுக்கத் தகடு வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், ஒழுக்கு கூடும். தகட்டைக் கழற்றி, மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமன்படுத்தி, புதுக் கார்க் போட்டு, கை அளவாக இறுக்கினால் போதும்.

இறுக்குவது போலவே சிலிக்கானிலும் நமக்கு அளவு தெரிவதில்லை. வெளியே பிதுங்கும் பேஸ்ட் கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கிக் கழன்று சம்ப்பில் விழுந்து, ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறந்துவிடுகிறோம். ஒழுக்கு நின்ற இஞ்சின் ஆயில் பிரஷர் இல்லாமல் சீஸ் ஆவது அப்படித்தான். ஜே.சி. ரோட்டில் சீல் வாங்கும்போதும் உள் அளவு, வெளி அளவு, தடிமனோடு நின்றுவிடாதீர்கள். என்ன ரப்பர் என்று கேளுங்கள். க்ராங்க் சூட்டுக்கு நைட்ரைலைவிட ‘விட்டான்’ ரப்பர் அதிக நாள் தாங்கும். அலமாரியில் பல வருடம் கிடந்த சீலின் உதட்டில் நகத்தை அழுத்திப் பார்த்தால், அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஷாஃப்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் இருந்தால், புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள், அல்லது ஸ்லீவ் போடுங்கள். பள்ளத்திலேயே உட்கார்ந்த புதுச் சீல் பழையதைப் போலவேதான் ஒழுகும்.

இதெல்லாம் தெரிந்தவர்களும் செய்யாமல் விடுவதற்குக் காரணம் ஒன்றுதான்: பார்க்கும் நேரத்துக்கு நாம் காசு வாங்குவதில்லை. பாகம் மாற்றினால்தான் பில் என்று நாமே வழக்கத்தை உண்டாக்கிவிட்டோம். அதனால் பாகம் மாற்ற இடம் தேடுகிறோம். தேட எடுக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி என்று பில்லில் ஒரு வரி வர வேண்டும். இந்த ஊர் வண்டிக்காரர்கள் காரணம் கேட்பவர்கள். படத்தைக் காட்டிச் சொன்னால் கொடுப்பார்கள். 20 துளி சேர்ந்தால் ஏறக்குறைய 1 மில்லி. நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் பத்து மணி நேர இரவில் 30 மில்லி, மாதத்தில் 900 மில்லி. சின்னக் கார் இஞ்சினின் மொத்தக் கொள்ளளவே 3 லிட்டர் அளவுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எந்த ஒழுக்கை இன்றே நிறுத்த வேண்டும், எதை அட்டை விரித்துக் கவனித்தால் போதும் என்று அவரே முடிவு செய்ய முடியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலோ டைமிங் பெல்ட்டின் மேலோ விழும் சொட்டுக்கு மட்டும் அந்தத் தேர்வு கிடையாது. முதலாவது தீப்பிடிக்கும், இரண்டாவது பெல்ட்டைக் கெடுத்து நடுரோட்டில் நிறுத்தும்.

ஜாப் கார்டில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: கழுவுமுன் எடுத்த படம், பிரீதர் சோதனையின் முடிவு, கசிவின் இடம், 500 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி பார்க்கும் தேதி. அந்த மறு பார்வைக்கும் சேர்த்தே முதல் நாளில் கூலி பேசிக்கொள்ளுங்கள்.