உப்பளக் கரைக்கு ஒரு சீறியாழ்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அந்நூல் சுட்டும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆய்வாளர் பலர். அவ்வழி நடந்த சிறுபாணர் கையில் இருந்தது சீறியாழ். பேரியாழ் வழங்கிய காலமே எனினும், தோளிற் சுமந்து நடப்பார்க்குச் சிறியதே உற்ற கருவியாயிற்று. இல்லத்திலேயே இசையைப் பதிவு செய்ய விழையும் இன்றைய இளைஞர்க்கும் இதுவே வழிகாட்டி என்பது நம் கருத்து.

மரக்காணத்து உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை பாத்திகளை நிரப்பும்போது தொழில் நின்றுவிடும், வருவாயும் நின்றுவிடும். அத்தகைய இல்லம் ஒன்று ஒலிப்பதிவுக் கருவி வாங்குமாயின் அதற்காகும் ஒவ்வொரு ரூபாயும் வியர்வையின் விலை. மறுபுறம், பாட்டியின் தாலாட்டு பதிவின்றி மறையுமாயின் எவ்விலை கொடுத்தும் மீளாது. ஆதலின் தேர்வில் பிழை நேர்தல் ஆகாது.

சாதாரணப் பதிவுக் கருவியில் குரலும் பறையும் ஒன்றாகக் கலந்துவிடும். பறை குரலை விழுங்கிவிட்டால் பின்னர்ப் பிரித்தெடுத்தல் அரிது. பல்தடக் கருவியோ ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் வைக்கும். முதல் தடத்தை ஹெட்போனில் கேட்டவாறே இரண்டாவதைப் பதியலாம். ஒலியளவைப் பிறகு ஆர அமர ஒப்புநோக்கிச் சீர்செய்யலாம்.

எத்தனைத் தடங்கள் வேண்டும்? நான்கே சாலும் என்போம். 1967-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டு நான்கு தட இயந்திரங்களில் உருவானதே. 1979-இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் சாதாரண கேசட்டில் நான்கு தடம் பதியும் 'போர்ட்டா ஸ்டுடியோ'வை அளித்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அத்தகைய கருவியில் தம் இல்லத்திலேயே பதிந்த பாடல்கள்தாம் 1982-இல் 'நெப்ராஸ்கா' என வெளிவந்தன.

இன்றைய கருவிகளில் நோக்கத்தக்கவை சில. பெட்டியின்மேல் 'எட்டுத் தடம்' என்றிருப்பினும், ஒரே நேரத்தில் பதியக்கூடியவை இரண்டாகவே இருக்கலாம்; அதனைக் கேட்டறிதல் வேண்டும். இல்லத்திற்கு அவ்விரண்டே போதும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் இயங்குவது நன்று. ஒவ்வொரு தடத்தையும் தனிக் கோப்பாக வெளியே எடுக்க இயலாத கருவியை வாங்கற்க. நினைவகத்திற்கு மிகுபணம் தருதலும் வேண்டா: வினாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்னும் தரத்தில் நான்கு தடங்களும் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 1.3 ஜி.பி. இடமே கொள்ளும். 32 ஜி.பி. கார்டு ஒரு நாள் முழுதும் பதியப் போதும். மிஞ்சும் பணத்தில் நல்ல ஒலிவாங்கியும், கடற்காற்றின் இரைச்சலைத் தணிக்கும் பஞ்சுறையும், உப்பீரம் அணுகாமல் காக்கச் சிலிக்கா ஜெல் இட்ட மூடுபெட்டியும் வாங்குக.

கைப்பேசியே போதாதா என்பார் உளர். அவசரத்திற்குப் போதும், ஏதுமில்லாதார் அதிலேயே தொடங்குக. ஆயினும், பல கைப்பேசிகள் ஒலியளவைத் தாமே ஏற்றியிறக்குவன. மெல்லிய முணுமுணுப்பும் உரத்த விளியும் அதனால் ஒன்றுபோலாகும். பாட்டின் உயிரோ அவ்வேற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

கருவியினும் இன்றியமையாதது பதியும் முறை. பாட்டியின் காதில் ஹெட்போனை மாட்டி, இயந்திரத் தாளத்திற்கு ஏற்பப் பாடுக எனல் தகாது. அவர் விரும்பியவாறு பாடட்டும். அக்குரல் முதல் தடத்தில் தனித்து நிற்கட்டும். பறையும் குழலும் பின்னர் வந்து அவர் நடைக்குத் தாம் இசைந்து செல்லட்டும். பல்தடக் கருவியின் உண்மைப் பயன் இதுவே. அம்முதல் தடத்தை மாற்றமின்றி இரண்டு இடங்களில் காத்தல் கடமை.

உப்பை வெயிலுள்ளபோதே வாருகிறோம். குரலையும் குரலுள்ளபோதே வாரிக்கொள்வோம்.